லிசாவின் கையளவு

பம்பாயில், செம்பூர் ரயில் நிலையத்துக்குக் கிழக்கே, ஒட்டி ஒட்டிக் கட்டிய பழைய பாரக் வீடுகளின் கடைசி வரிசையில், தாவீதின் வீட்டுக்குப் பின்னால் நிற்கும் ஊதா மேப்பிள் மரம் 2006ஆம் ஆண்டு மார்ச் மாதம் துளிர்த்தபோது, இலைகள் எல்லாம் அவருடைய மகள் லிசாவின் கைகளாக இருந்தன. கிழக்குப் பக்கத்துக் கிளைகளில் இடது கை, மேற்குப் பக்கத்துக் கிளைகளில் வலது கை. லிசா அதற்கு முந்தைய ஜூலையில் வெள்ளத்தில் போயிருந்தாள். அதே மார்ச்சில்தான் அந்த வரிசைக்குப் புதிய தண்ணீர்க் குழாய் வந்தது. தண்ணீர் எத்தனை மணிக்கு விடுகிறார்கள் என்பதைப் பேசி முடித்த பிறகே ஆட்கள் மரத்தைப் பற்றிப் பேசினார்கள்.

மரம் வந்த விதம் இது. தாவீதும் ஏஞ்சலம்மாளும் வடக்கன்குளம் பக்கத்துக் கத்தோலிக்கர்கள். தாவீதுக்குத் தாராவியில் ஒரு பட்டறையில் லேத் வேலை. ஏஞ்சலம்மாள் வீட்டிலிருந்தபடியே, முதன்முதலாக நற்கருணை பெறும் நாளில் புதுநன்மை வாங்கப்போகும் பெண்பிள்ளைகளுக்கு வெள்ளைக் கவுனும் வெள்ளைக் கையுறையும் தைத்துக் கொடுத்தாள். மாட்டுங்காவிலிருந்தும் வடாலாவிலிருந்தும்கூடத் தாய்மார்கள் பிள்ளைகளைக் கூட்டிக்கொண்டு அவளிடம் வருவார்கள். கடையில் விற்கும் கையுறை எந்தப் பிள்ளைக்கும் சரியாக இருப்பதில்லை. பீடத்துக்கு முன்னால் கைகூப்பும்போது விரல்நுனியில் துணி தொளதொளவென்று மடிந்து நிற்கும். ஏஞ்சலம்மாள் பிள்ளையின் கையைக் காக்கித் தாளில் விரித்து வைத்து, பென்சிலால் சுற்றிக் கோடு போட்டு, அந்தத் தாளை வெட்டி, அதை வைத்துத்தான் துணி வெட்டுவாள். இடது கைக்கு ஒரு தாள், வலது கைக்கு ஒரு தாள். ஒரு பிள்ளையின் தாளை இன்னொரு பிள்ளைக்கு எடுக்கமாட்டாள். அக்கா தங்கையாக இருந்தாலும் எடுக்கமாட்டாள்.

2004 கிறிஸ்துமஸுக்குக் குடிலின் பக்கத்தில் வைக்க ஒரு கிறிஸ்துமஸ் மரம் வாங்கலாமென்று தாவீது மகளைக் கூட்டிக்கொண்டு ஜமாலின் நர்சரிக்குப் போனார். ஜமால் மேலப்பாளையத்துக்காரர், மேம்பாலத்துக்குக் கீழே தொட்டிச் செடி விற்றார். வடக்கே மலைப் பக்கத்திலிருந்து லாரியில் வந்து இறங்கிய ஊசியிலைக் கன்றுகளுக்கு நடுவில், இலையே இல்லாத ஒரு குச்சி வேரில் சாக்குக் கட்டோடு நின்றது. லிசா போய் அதன் பக்கத்தில் நின்றுகொண்டாள்.

“அது தப்பி ஏறி வந்த சாமான், அண்ணாச்சி,” என்றார் ஜமால். “மேப்பிளாம். ஊதா கலர்ல இலை விடுமாம். பனியில நிக்கவேண்டியது, இந்த ஊர்ல ஏப்ரல் தாண்டாது. புள்ளைய இந்தப் பக்கம் வரச் சொல்லுங்க.”

“எனக்கு இதுதான் வேணும் டாடி. பாருங்க, என் ஹைட்டு.”

“ஒரு இலைகூட இல்லியேம்மா. ஸ்டார எதுல கட்டுவ?”

“குச்சியிலதான்.”

ஜமால் அதைச் சும்மாவே கொடுத்தார். குடிலுக்குப் பக்கத்தில் நட்சத்திரம் கட்டிய குச்சியைப் பார்த்த அடுத்த வீட்டு ஜாக்குலின், “எக்கா, குழந்த யேசு குளிர் காயட்டும்னு வெறகு வச்சிருக்கியளோ?” என்று கேட்டாள். பண்டிகை முடிந்ததும் அதைப் பின்வாசலுக்கும் சாக்கடைச் சுவருக்கும் நடுவில், ஒரு கட்டில் போடும் அகலத்துக்கு இருந்த மண்ணில் நட்டார்கள். அங்கே முன்பே ஒரு கறிவேப்பிலைச் செடியும் ஒரு செம்பருத்தியும் இருந்தன. மார்ச்சில் குச்சி துளிர்த்தது. அந்தச் சாதி மேப்பிள் மரங்களைப்போல இலைக்கு ஏழு கூர் இருந்தது. நிறம் நாவல்பழச் சாறு துணியில் பட்டதுபோல. லிசா குளித்த தண்ணீரைச் செம்பில் எடுத்துப் போய் ஊற்றினாள். ஏஞ்சலம்மாள் மேலே ஒரு பழைய சேலையைக் கட்டி நிழல் கொடுத்தாள், வேரில் ஈரச் சாக்கைப் போட்டாள். ஏப்ரல் போயிற்று, மேயும் போயிற்று. ஜமால் வந்து பார்த்துவிட்டு, சாவதற்கு மறந்துவிட்டது போலிருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அந்த ஜூலையில் ஏஞ்சலம்மாள் லிசாவை உட்கார வைத்துக் கையளவு எடுத்தாள். லிசாவுக்கு ஏழு வயது; டிசம்பரில் புதுநன்மை. அவளுடைய இடது சுண்டுவிரல் குழந்தையில் கதவிடுக்கில் மாட்டி உள்பக்கமாக வளைந்திருந்தது. பென்சில் கோடும் அங்கே வளைந்து போயிற்று. தாளை வெட்டி வைத்தாள். துணி வெட்டுவதற்குள் இருபத்தாறாம் தேதி வந்தது. அன்று பெய்த மழையை ஊரில் இருந்தவர்களுக்குச் சொல்லவேண்டியதில்லை. தாவீது பட்டறையிலிருந்து மதியமே கிளம்பி, சயானில் பள்ளிக்கூடத்திலிருந்து மகளைக் கூட்டிக்கொண்டு, ரயிலும் பஸ்ஸும் நின்றுபோனதால் ஆயிரக்கணக்கானவர்களோடு சேர்ந்து வீட்டுக்கு நடந்தார். குர்லாவை நெருங்கும்போது தண்ணீர் நெஞ்சுக்கு வந்தது. லிசா அவர் தோளில் இருந்தாள். ஓரிடத்தில் காலுக்குக் கீழே தரை இல்லாமல் போயிற்று. முங்கி எழுந்தபோது லிசா தோளில் இல்லை. அவளுடைய இடது கையைப் பிடித்திருந்தார். கொஞ்ச நேரத்தில் அதுவும் இல்லை. மறுநாள் காலையில் வீட்டு வாசலில் வந்து நின்று, “கை வழுக்கிட்டு,” என்று மனைவியிடம் சொன்னார். அதற்குப் பிறகு அதைப் பற்றி அவர் யாரிடமும் பேசவில்லை. ஆஸ்பத்திரிகளிலும் பிணவறைகளிலும் தேடினார்கள். போலீஸில் லிசாவைக் காணாமற்போனவள் என்று பதிந்துகொண்டார்கள். மூத்த பையன் ஸ்டெர்லினுக்கு அப்போது பன்னிரண்டு வயது. அவன் காய்ச்சலில் அன்று பள்ளிக்கூடம் போகாமல் வீட்டில் இருந்தான்.

எட்டு மாதம் கழித்து மரம் துளிர்த்தபோது முதலில் கண்டவள் ஏஞ்சலம்மாள். துணி காயப்போட்டுக்கொண்டிருந்தவளின் தோளில் ஓர் இலை பட்டது. அம்மாவைக் கூப்பிட்டும் அவள் திரும்பாதபோது பிள்ளைகள் தொடுவார்களே, அந்த மாதிரி இருந்தது என்று அவள் பிறகு சொன்னாள். இலைக்கு ஏழு கூர் இல்லை, ஐந்து விரல் இருந்தது. கீழ்ப்பக்கத்தில் கைரேகை ஓடியது. உள்ளே போய் லிசாவின் அளவுத் தாளை எடுத்து வந்து இலையின்மேல் வைத்தாள். சுண்டுவிரலின் வளைவு வளைவோடு சேர்ந்தது. ஆனால் தாளைச் சுற்றிலும் ஒரு நூல் அளவுக்கு இலை வெளியே தெரிந்தது. ஏழு வயதுப் பிள்ளையின் கை எட்டு மாதத்தில் எவ்வளவு வளரும் என்பது கையுறை தைக்கிறவளுக்குத் தெரியும். அவ்வளவுதான் வளரும்.

“ஏங்க, பிள்ள உசுரோட இருக்கா.”

“கிறுக்கு பிடிச்சிட்டா உனக்கு?” என்றார் தாவீது, கட்டிலை விட்டு எழுந்திருக்காமல்.

“செத்த பிள்ளைக்குக் கை வளருமா? நீங்களே வந்து வச்சுப் பாருங்க.”

அவர் வரவில்லை. அந்த வருடம் மட்டுமல்ல, பல வருடங்கள் அவர் அந்த மரத்தைத் தொடவில்லை. பின்வாசலில் பல் துலக்கும்போது கிளை பக்கத்தில் வந்தால் விலகி நின்றுகொள்வார். அக்கம்பக்கத்தார் வந்து பார்த்தார்கள், தாளை வைத்துப் பார்த்தார்கள், ஆமாம் லிசாவின் கைதான் என்றார்கள். பிறகு ஜாக்குலின் ஒரு கேள்வி கேட்டாள், அவள் கெட்ட மனத்தோடு கேட்கவில்லை: ஏழு வயதுப் பிள்ளைக்கு வீட்டு அட்ரஸ் தெரியாதா, உயிரோடு இருந்தால் ஏன் வரவில்லை? பயத்தில் எல்லாம் மறந்திருக்கும் என்றாள் ஏஞ்சலம்மாள். தாவீது சட்டையை மாட்டிக்கொண்டு வெளியே போனார். மகள் செத்திருந்தால் கடவுளிடம் இருக்கிறாள்; நடந்தது கடவுளுக்குத் தெரியும், அவளுக்கும் சொல்லியிருப்பார். உயிரோடு இருந்தால், அப்பா கையை விட்டுவிட்டார் என்பது மட்டும்தான் அவளுக்குத் தெரியும். தாவீதின் கணக்கு இப்படி இருந்தது. ஆகவே நவம்பர் இரண்டாம் தேதி கல்லறைத் திருநாளில், மற்றவர்கள் தங்கள் தங்கள் கல்லறையைக் கழுவிப் பூப்போட்டு மெழுகுவர்த்தி ஏற்றியபோது, கல்லறை இல்லாதவர்களுக்கென்று நடுவில் நிற்கும் பெரிய சிலுவையின் அடியில் அவர் லிசாவுக்காக ஒரு மெழுகுவர்த்தி ஏற்றினார். பங்குச் சாமியாரிடம் பெயர் கொடுத்து, இறந்தவர்களின் பெயர்களோடு வாசிக்கச் சொன்னார். ஏஞ்சலம்மாள் அன்று அவரோடு போகவில்லை. வீட்டில் உட்கார்ந்து அந்த வருடத்து அளவில் ஒரு ஜோடிக் கையுறை தைத்தாள். ஒன்பது வருடம் நவம்பர் இரண்டு இப்படித்தான் கழிந்தது. ஒரே வீட்டில் ஒருவர் பிள்ளையைப் புதைத்துவிட்டு வருவார், மற்றவர் அதே பிள்ளைக்குப் பெரிய அளவில் தைத்து வைத்திருப்பார். சாயங்காலம் இரண்டு பேரும் சேர்ந்து சாப்பிடுவார்கள்.

மரத்தைப் பார்க்க வெளியாட்களும் வந்தார்கள். ஒரு கல்லூரியின் தாவரவியல் பேராசிரியர் வந்து, இந்தச் சாதி மரம் பம்பாய் வெயிலில் உயிரோடு இருக்க முடியாது என்று கால் மணி நேரம் விளக்கிவிட்டு, அதன் நிழலில் நின்று எலுமிச்சைச் சாறு குடித்துவிட்டுப் போனார். அதே வெள்ளத்தில் ஆட்களைத் தொலைத்தவர்கள் வந்தார்கள். குர்லாவிலிருந்து சஃபீனா என்ற பெண் வந்து, தன் புருஷனின் கை எங்கேயாவது இருக்குமா என்று ஸ்டூல் போட்டு ஏறி ஒவ்வோர் இலையாகத் திருப்பிப் பார்த்தாள். அவனுக்கு வலது கட்டைவிரலில் பாதி நகம் கிடையாது என்று சொல்லிச் சொல்லித் தேடினாள். எல்லாம் லிசாவின் கைகள்தான். ஏஞ்சலம்மாள் அவளுக்குச் சோறு போட்டு அனுப்பினாள். சஃபீனா போகிற வழியில் ஜமாலைப் பிடித்து, இதே மாதிரி ஒரு மேப்பிள் கன்று வரவழைத்துத் தன் வீட்டு வாசலில் ஒரு டின்னில் நட்டாள். அது ஏப்ரலில் கருகிவிட்டது.

கைகள் வளர்ந்தன. ஒவ்வொரு நவம்பரிலும் உதிர்ந்து, மார்ச்சில் ஒரு நூலோ ஒன்றரை நூலோ கூடி வந்தன. 2009இல் எல்லா வலது கைகளிலும் ஆள்காட்டி விரலின் குறுக்கே ஒரு வெட்டுத் தழும்பு வந்தது. அரிவாள்மனை அல்லது கத்தி, காய்கறி நறுக்கப் பழகுகிறாள் என்றாள் ஏஞ்சலம்மாள். அதற்கு அடுத்த வருடங்களில் இலையின் உள்பக்கம் சொரசொரப்பாகிக்கொண்டு வந்தது. ஏஞ்சலம்மாள் தொட்டுப் பார்த்தாள். அது பாத்திரம் தேய்க்கிற கை. எந்த வீட்டிலோ தன் மகள் சாம்பலிலும் சவுக்காரத்திலும் கையை வைத்துக்கொண்டிருக்கிறாள் என்பதைத் தெரிந்துகொண்டு, அவள் வெயில் காலம் முழுவதும் தினமும் இலைகளுக்குத் தேங்காயெண்ணெய் தடவினாள். ஏணி வைத்து உச்சிக் கிளை வரைக்கும் தடவினாள். இலைகள் மெதுவாயின. அடுத்த மார்ச்சில் மறுபடியும் சொரசொரப்பாகவே வந்தன. தாவீது ஞாயிற்றுக்கிழமைகளில் பூசை முடிந்ததும் லோக்கல் ரயில் ஏறி ஒவ்வொரு ஸ்டேஷனாக இறங்கி, டோம்பிவிலி கல்யாண் வரைக்கும், பிளாட்பாரத்தில் போகிற வருகிற பெண்பிள்ளைகளின் இடது கையைப் பார்த்துக்கொண்டு நிற்பார். செத்துவிட்டாள் என்று மெழுகுவர்த்தி ஏற்றுகிறவர் எதற்காக அப்படி நின்றார் என்று அவரிடம் யாரும் கேட்கவில்லை. இரண்டு முறை அடி வாங்கினார்.

2014இல் கைகள் வளர்வது நின்றது. பதினாறு வயது, இனி வளராது என்று ஏஞ்சலம்மாள் கடைசி ஜோடிக் கையுறையைத் தைத்து முடித்தாள். ஸ்டெர்லின் அதற்குள் வேலைக்குப் போய்விட்டான். தமிழ் எழுத்துக் கூட்டித்தான் படிப்பான், ஆனால் மிஷின் விவகாரங்கள் எல்லாம் அவனுக்குத் தெரியும். தன் பிறந்தநாளை யாரும் ஞாபகம் வைத்துக்கொள்ளாத வீட்டில் வளர்ந்தவன் அவன். மரத்தை அவனுக்குப் பிடிக்காது. இருந்தாலும் 2016இல் ஒரு நாள் அவன்தான் அதைச் சொன்னான்.

“மம்மி, இது லிசா கைன்னா இதுல ஃபிங்கர்பிரிண்ட் இருக்கும்ல? ஆதார்ல போட்டுப் பாக்கலாம். அவளும் எங்கயாச்சும் எடுத்திருப்பா. ஆதார் இல்லாம இந்த நாட்டுல யாரு இருக்கா?”

தாராவியில் ஆதார் பதிகிற இடத்தில் சிராஜ் என்ற பையன் இருந்தான், ஸ்டெர்லினோடு படித்தவன். டிபன் டப்பாவில் ஈரத் துணி போட்டு இரண்டு இலைகளை எடுத்துப் போனார்கள்.

“டேய், மஜாக் பண்றியா, கிண்டலா? இலைக்கு ஆதாரா? நாளைக்கு முருங்கைக்காய்க்குப் பான் கார்டு கேப்ப,” என்றான் சிராஜ்.

“ஒரு தடவ வச்சுப் பாருடா.”

“லைன்ல ஆளு நிக்குது, என் வேலையக் காலி பண்ணிருவ போல. பெரியம்மா, நீங்களாச்சும் சொல்லக் கூடாதா?”

“வச்சுப் பாருப்பா,” என்றாள் ஏஞ்சலம்மாள்.

சிராஜ் இலையைக் கண்ணாடியின்மேல் கவிழ்த்து வைத்து மேலே தன் கையால் அழுத்தினான். மிஷின் நான்கு விரலுக்கும் பச்சை காட்டியது. கட்டைவிரலுக்கும் காட்டியது. சிராஜ் கண் பதிவுக்கு, கண் இல்லாதவர்களுக்கு உள்ள விலக்கைப் போட்டான். முகப் படத்துக்கு ஏஞ்சலம்மாள் தானே போய் உட்கார்ந்தாள். மகள் என்னைப்போலத்தான் இருப்பாள் என்றாள். சில வாரம் கழித்துப் பதில் வந்தது. விண்ணப்பம் தள்ளுபடி; இந்த விரல்களுக்கு உரியவர் ஏற்கெனவே பதிவு செய்யப்பட்டிருக்கிறார். சிராஜ் வீட்டுக்கே வந்து அதைப் படித்துச் சொன்னான். “அப்படின்னா எங்கயோ இருக்காங்க பெரியம்மா. வேற பேர்ல இருக்காங்க. எந்தப் பேரு, எந்த ஊருன்னு மிஷின் சொல்லாது. சொல்லக் கூடாதுன்னு சட்டம்.” வக்கீலைப் பார்த்தார்கள். இலையை மனுதாரராகச் சேர்க்க வழியில்லை என்றார். போலீஸில், கைக்கு உரியவரைக் கூட்டிக்கொண்டு வந்தால் விசாரிக்கலாம் என்றார்கள்.

தாவீது அன்று வேலைக்குப் போகவில்லை. பின்வாசல் படியில் மரத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்திருந்தார்.

“இப்ப நம்புதீயளா?” என்று ஏஞ்சலம்மாள் கேட்டாள்.

“நம்புதேன். பதினோரு வருசமாச்சு. வரணும்னா வந்திருப்பா. அப்பன் கைய விட்டுட்டான்னு நெனச்சிட்டா.”

“நீங்களா விட்டிய? தண்ணிலா இழுத்துச்சு.”

அந்த நவம்பரில் தாவீது கல்லறைக்குப் போகவில்லை. பெயரை எடுத்துவிடச் சொல்லிச் சாமியாரிடம் ஆள் அனுப்பினார். ஸ்டேஷன்களுக்குப் போவதையும் நிறுத்திவிட்டார். வர விரும்பாதவளை வழிமறித்து நிற்பது சரியில்லை என்றார்.

2018 மார்ச்சில் இலைகள் மருதாணியோடு துளிர்த்தன. ஊதாவின்மேல் கருஞ்சிவப்பாக, மணிக்கட்டு மாதிரி இருக்கும் காம்பு வரைக்கும், கொடியும் மாங்காயுமாக, இரண்டு பக்கமும் நெருக்கமான வேலைப்பாடு. வரிசைப் பெண்கள் எல்லோரும் வந்து பார்த்தார்கள்.

“கல்யாண மெகந்தி எக்கா இது,” என்றாள் ஜாக்குலின். “நம்ம ஆளுக இம்புட்டு வைக்க மாட்டாவ. சேட்டு வீடோ, பாய் வீடோ?”

“எந்த வீடா இருந்தா என்ன? நல்லா செலவழிச்சுத்தான் வச்சிருக்காவ.”

“அதுவும் சரிதான். வேலைக்காரப் பிள்ளைக்கு ஆரு இப்படி வைப்பா? நல்ல எடந்தான்.”

தவக்காலம் முடியட்டும் என்று காத்திருந்து, ஈஸ்டருக்கு அடுத்த ஞாயிற்றுக்கிழமை தாவீது கல்யாணச் சாப்பாடு போட்டார். வரிசையை அடைத்துப் பந்தல் போட்டு, ஆட்டுக்கறிக் குழம்பும் சோறும் ரசமும் பாயசமும். வடாலாவிலிருந்தும் கிங்ஸ் சர்க்கிளிலிருந்தும் சொந்தக்காரர்கள் வந்தார்கள். வந்தவர்கள் யாரிடம் வாழ்த்துச் சொல்வதென்று தெரியாமல் மரத்தடியில் சற்று நேரம் நின்றுவிட்டுப் பந்திக்குப் போனார்கள். சஃபீனா ஒரு சேலை கொண்டுவந்து கிளையில் போட்டுவிட்டுப் போனாள். தாவீது வெள்ளை வேட்டி சட்டையில், பெண்ணைப் பெற்றவர்கள் செய்வதுபோல, பந்தியில் ஒவ்வொரு வாழையிலைக்கும் முன்னால் குனிந்து, நல்லாச் சாப்பிட்டீங்களா, குறை ஒன்றுமில்லையே என்று கேட்டுக்கொண்டு போனார். எல்லோரும் குறை ஒன்றுமில்லை என்றார்கள். அடுத்த இரண்டு வாரத்தில் மரத்தின் இலைகளில் மருதாணி மங்கிப் போயிற்று.

2020இல் ஊரடங்கு தொடங்கிய வாரத்தில் மரம் துளிர்த்தது. ஒவ்வொரு பெரிய கையின் காம்போடும் ஒட்டி, நெல்லிக்காய் அளவுக்கு மூடிய ஒரு சின்னக் கை இருந்தது. பட்டறை அடைத்துக் கிடந்ததால் தாவீது வீட்டில் இருந்தார். மற்ற வருடங்களில் அவர் துளிர்க்கும் நேரத்தில் வீட்டில் இருப்பதில்லை. ஏஞ்சலம்மாள் சோறு வடித்துவிட்டு வந்து பார்த்தபோது, அவர் மரத்தருகில் நின்றிருந்தார். ஆள்காட்டி விரலை ஒரு சின்ன இலையிடம் நீட்டியிருந்தார். அது மூடிப் பிடித்திருந்தது.

“வாங்க, சோறு ஆறுது.”

“விட மாட்டேங்கு,” என்றார் தாவீது.

அவளும் பக்கத்தில் போய் நின்றாள். ஒரு மணி நேரம் போல ஆயிற்று. பிறந்த பிள்ளை தூங்கும்போது பிடி தளரும், அப்போது எடுத்துக்கொள்ளலாம் என்று அவள் சொன்னாள். அப்படியேதான் ஆயிற்று. அதன் பிறகு தாவீது தினமும் காலையும் மாலையும் குளித்துவிட்டு வந்து மரத்தின் முன்னால் நின்றார். சின்ன இலைகளுக்கு மட்டும்தான் விரலைக் கொடுப்பார். லிசாவின் கைகளைத் தொடமாட்டார். ஆனால் விலகி நிற்பதை விட்டுவிட்டார். காற்றில் அவை முதுகில் பட்டால் பேசாமல் இருப்பார். அந்த ஒரு வருடம் அந்த வீட்டில் சிரிப்பு கேட்டது என்று ஜாக்குலின் இப்போதும் சொல்கிறாள். அடுத்த மார்ச்சில் பெரிய கைகளும் வந்தன, சின்னக் கைகள் நன்றாக விரிந்தும் வந்தன.

2021 மே மாதத்தில், கோடை நடுவில், பெரிய கைகள் ஒரு வாரத்துக்குள் உதிர்ந்துவிட்டன. முதலில் விரல்நுனிகள் நீலம் பாய்ந்தன, பிறகு சுருண்டன, பிறகு விழுந்தன. அப்போது ஊரெல்லாம் ஆம்புலன்ஸ் சத்தம். வரிசையிலேயே மூன்று வீடுகளில் சாவு. ஆகவே இது யாருக்கும் தனியாகத் தெரியவில்லை. ஏஞ்சலம்மாள் துடைப்பம் எடுக்கவில்லை. கீழே உட்கார்ந்து ஒவ்வொன்றாகக் கையில் பொறுக்கினாள். சின்னக் கைகள் மட்டும் கிளையில் இருந்தன. காற்று இல்லாமலே அவை பிடிக்க ஏதோ தேடுவதுபோல விரிந்து மூடிக்கொண்டிருந்தன.

“வெயிலுக்கு விழுந்திருக்கும்,” என்றார் தாவீது. “இது பனியில நிக்கவேண்டிய மரம்னு ஜமால் அன்னைக்கே சொன்னான்லா.”

அந்த நவம்பர் வந்தது, போயிற்று. அவள் மார்ச்சுக்காகக் காத்திருந்தாள். மார்ச்சில் சின்னக் கைகள் மட்டுமே துளிர்த்தன. இரண்டு வயதுப் பிள்ளையின் கைகள், முந்தின வருடத்தைவிட இரண்டு நூல் பெரிதாக. அவள் ஒரு காக்கித் தாளை எடுத்து வந்து, புதிதாகக் கோடு போட்டு வெட்டினாள். அந்தக் கையில் சுண்டுவிரல் நேராக இருந்தது.

2022 நவம்பர் இரண்டாம் தேதிக்கு முந்தின வாரம் ஏஞ்சலம்மாள் கோயிலுக்குப் போய் லிசாவின் பெயரைக் கொடுத்தாள். பங்குச் சாமியார் புதியவர், வயதில் சிறியவர். எப்போது இறந்தார்கள் என்று கேட்டார். போன வருசம் மே மாசம் என்றாள். எங்கே என்று கேட்டார். தெரியல சாமி என்றாள். அங்கே வேறு பெயர் இருக்கும், அது எனக்குத் தெரியாது, நான் வைத்த பெயரையே வாசியுங்கள், அவள் திரும்பிப் பார்ப்பாள் என்றாள். சாமியாருக்கு முன்பிருந்தவர் மரத்தைப் பற்றிச் சொல்லிவிட்டுத்தான் போயிருந்தார். அவர் எழுதிக்கொண்டார். கல்லறைத் திருநாள் அன்று அவள் தனியாகவே போய்ப் பெரிய சிலுவையின் அடியில் மெழுகுவர்த்தி ஏற்றினாள். காற்று அதிகமாக இருந்தது. சேலைத் தலைப்பால் மறைத்துக்கொண்டு, அது எரிந்து முடியும்வரை நின்றாள். டோம்பிவிலிக்குத் தனியாகக் குடிபோயிருந்த ஸ்டெர்லினும் வந்து சற்றுத் தள்ளி நின்றான். பெயர் வாசித்தபோது அவன்தான் சத்தம் போட்டு அழுதான்; பன்னிரண்டு வயதில் அவனை அழ யாரும் விடவில்லை. தாவீது வரவில்லை. பிள்ளையைத் தனியாக விட்டுவிட்டு எப்படி வருவது என்றார். அவர்கள் வீட்டுக்குத் திரும்பியபோது அவர் மரத்தடியில் நாற்காலி போட்டு உட்கார்ந்திருந்தார். இலைகள் எல்லாம் உதிரும் காலம் அது, ஒன்றிரண்டுதான் மிச்சம். அதில் ஒன்றுக்குத் தன் விரலைக் கொடுத்திருந்தார்.

அது ஆணா பெண்ணா என்று அவர்களுக்குத் தெரியாது. கையை வைத்துச் சொல்ல முடியாது என்கிறாள் ஏஞ்சலம்மாள், சின்ன வயதில் எல்லாக் கையும் ஒன்றுதான். தாவீது இப்போது பட்டறைக்குப் போவதில்லை. கோடையில் மரத்துக்குப் பந்தல் போடுவதும் வேரை ஈரமாக வைப்பதும் அவர் வேலை. வரிசையில் யாரும் இதை இப்போது அதிசயமாகப் பேசுவதில்லை. பேரப்பிள்ளை சௌக்கியமா என்று கேட்பார்கள். ஒரு வருடம் இலைகள் தடித்துக் கொப்புளமாக வந்தன, அம்மை போட்டிருக்கிறது என்று ஜாக்குலின் வேப்பிலை கொண்டுவந்து வைத்தாள், இறங்கிவிட்டது. அந்தந்த வருடம் பிள்ளை பெற்றவர்கள் தங்கள் பிள்ளையைத் தூக்கி வந்து இலையோடு கையை வைத்துப் பார்த்து, இது என் பிள்ளையைவிட வளர்த்தி என்றோ, கொஞ்சம் ஒல்லி என்றோ சொல்லிவிட்டுப் போவார்கள்.

இந்த ஆண்டு மார்ச்சில் இலைகள் விரல்நுனியில் வெள்ளைத் தூளோடு விரிந்தன. ஏஞ்சலம்மாள் தொட்டு மோந்து பார்த்து, சாக்பீஸ் என்றாள். பிள்ளையைப் பள்ளிக்கூடத்தில் போட்டிருக்கிறார்கள். கிழக்குப் பக்கத்துக் கிளைகளில் மட்டும்தான் தூள் இருந்தது.

“அப்ப பீச்சாங்கையாலயா எழுதுது?” என்று சுவருக்கு அந்தப் பக்கமிருந்து ஜாக்குலின் கேட்டாள்.

“ஆமா போலுக்கு,” என்றார் தாவீது.

“எழுதட்டும். இப்பல்லாம் கைய மாத்தச் சொல்லி டீச்சர்மாரு அடிக்க மாட்டாவ.”

“அடிக்காம இருந்தாச் சரி.”

சொல்லிவிட்டுத் தாவீது தோளில் கிடந்த துண்டின் நுனியைத் தண்ணீரில் நனைத்து, கைக்கு எட்டிய ஓர் இலையைப் பிடித்து, ஒவ்வொரு விரலாகத் துடைத்துவிட்டார். பிறகு அடுத்த இலையை எடுத்தார்.